இளநீர் விரதம்

இளநீராம், இளநீர். அதோடு ரெண்டு வாழைப்பழமாம். லூர்து சிஸ்டர் டயாலிசிஸ் பிரிவின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "உங்கம்மாவுக்குப் பொட்டாசியம் எங்கயோ போய் நிக்குது, வர்ற வழியில நெஞ்சு நின்னுருந்தா யாரைக் கேட்பீங்க? வீட்டுல அப்படி என்னதான் குடுக்கிறீங்க?" என்று வராந்தாவில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுப் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது, மங்கையர்க்கரசிக்கு இன்னும் காது சுட்டுக்கொண்டிருந்தது. என்ன குடுக்கிறேனா? காய்கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணியையும் கொட்டி, ருசியும் இல்லாமல் மணமும் இல்லாமல் மிஞ்சுகிற சக்கையைத் தாளித்துக் குடுக்கிறேன் சிஸ்டர். நானும் அதையேதான் திங்கிறேன், ரெண்டு சமையல் பண்ண எனக்கென்ன நாலு கையா இருக்கு? தண்ணியை டம்ளரில் அளந்து ஊற்றுகிறேன். போன மாசம் ரத்தத்தில் லேசாக ஏறியிருக்கு என்று நீங்கள் சொன்னதும், ரசத்தில் விழுந்த தக்காளிதான் காரணம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு தக்காளியையும் நிறுத்தினேன். இவ்வளவும் பண்ணிவிட்டு நான் ஆபீசுக்குக் கிளம்பினால், பின்னாலேயே இந்தச் சௌந்தரம்மாள், அதாவது என்னைப் பெற்ற தாய், தெருவில் வருகிற இளநீர்க்காரனை நிறுத்தி, வெட்டி வாங்கி, நிம்மதியாக உட்கார்ந்து குடித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை தவறாமல். விரதமாம், அன்றைக்குச் சோறு கிடையாதாம், இளநீரும் பழமும் மட்டும்தானாம். உள்ளே போய், எதுக்கும்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டதற்கு, ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு ஒரு கல்யாணம் ஆகணும்னுதான்டி" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தாயே மகமாயி, இதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா, இல்லை அந்த மெஷினிலேயே போய் முட்டிக்கொள்வதா? ஒன்றும் தோன்றாமல் வெளியே வந்து, இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏனென்றால் அரசிக்குக் கல்யாணம் ஆகாமல் இருப்பதால்தான் அம்மாவுக்கு அந்த மெஷின் ஓடுகிறது. இதை இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் உதவியாளர் உத்தியோகம், அரசாங்க ஊழியருக்கு உண்டான காப்பீட்டு அட்டை, அட்டையில் குடும்பம். குடும்பம் என்றால் யார் என்பதில்தான் சூட்சுமம். கல்யாணம் ஆகாத ஊழியர் என்றால் அப்பா அம்மா குடும்பம். கல்யாணம் ஆகிவிட்டால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள்தான் குடும்பம். அப்பா அம்மா? அவர்கள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். தாலி ஏறுகிறபோது அம்மா இறங்க வேண்டும், பேருந்தில் ஸ்டாப்பிங் வந்த மாதிரி. இதை யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. இதே ஆஸ்பத்திரியில், கீழே, காப்பீட்டு மேசை வரிசையில் நிற்கும்போது தானாகத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரப் பையன், யூனிபார்மோடு, புதுமாப்பிள்ளை, மணிக்கட்டில் கட்டின மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. அவனுடைய அம்மாவைத் தள்ளுநாற்காலியில் உட்கார வைத்திருந்தான். மேசைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆயிடுச்சா சார்? அப்ப அம்மா வரமாட்டாங்க" என்றார். "எங்க வரமாட்டாங்க? இதோ வந்துட்டாங்களே" என்றான் அந்தப் பையன், ஒன்றும் புரியாமல். "அட்டையில வரமாட்டாங்க சார், உங்க மிஸஸ்தான் வருவாங்க." அந்தப் பையன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்ப எங்கம்மா எதுலதான் சார் வருவாங்க?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அரசிக்கு அப்போது கரூரில் ஒரு பாங்க் மாப்பிள்ளையோடு முக்கால்வாசி முடிந்திருந்தது, தாம்பூலம் மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போன கையோடு, "அந்த ஆளோட பல்லு எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டாள். பல்லு! நல்ல வரிசையான பல்லு, பாவம். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து எல்லாம் ஜாதகத்தின் குற்றம் என்றாகிவிட்டது. ராகு கேது, செவ்வாய், களத்திர தோஷம் என்று வாரத்துக்கு ஒரு கிரகத்தைப் பிடித்து வைத்துத் திட்டுவாள். கிரகம் எங்கே இருக்கிறது என்று அரசிக்கு மட்டும்தான் தெரியும்.

பார்க்காத வழி இல்லை. சும்மா உட்கார்ந்து புலம்புகிற ஜாதியில்லை அவள். தனியார் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார், காப்பி குடித்தார், அம்மாவைப் பார்த்தார், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்ட வீக்கத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், மனுஷன் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். கிட்னியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? சரி, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு இருக்கிறதே, அதில் அம்மாவைத் தனியாகச் சேர்த்தால் என்ன என்று விசாரித்தாள். ரேஷன் அட்டையில் அம்மா உங்களோடு இருக்கிறார்களே மேடம், உங்களுக்குச் சம்பளம் வருதே என்றார்கள். தனி அட்டை வாங்குகிறேன் என்றாள். தனி வீடு வேணும், தனி அடுப்பு வேணும், வந்து பார்ப்போம் என்றார்கள். ஆக, பெற்ற தாயை எங்கேயோ ஒரு ரூமில் தனி அடுப்போடு குடிவைத்து, இவளுக்கு யாருமே இல்லை என்று சான்றிதழ் வாங்கினால், ஒருவேளை அம்மா எதிலாவது வரலாம். யாரும் இல்லாதவளாக ஆக்கினால்தான் அம்மாவைக் காப்பாற்றலாம். அருமையான ஏற்பாடு. பெரியாஸ்பத்திரி இருக்கே, அங்கே எல்லாருக்கும் உண்டே என்கிறார்கள். உண்டுதான், யார் இல்லை என்றது? அங்கேயும் பேர் கொடுத்திருக்கிறாள், மெஷின் காலியானதும் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள். மெஷின் எப்படிக் காலியாகும் என்று யோசித்தால் ராத்திரி தூக்கம் வராது. பெங்களூரில் தம்பி குமரவேல் இருக்கிறான். அவனுடைய கம்பெனியில் பெற்றவர்களைச் சேர்க்கலாம், ஆனால் ஒரு பக்கம்தான், ஒன்று அவனுடைய அம்மா, இல்லையென்றால் பொண்டாட்டியைப் பெற்றவர்கள். தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது. "நீ அரசாங்க உத்தியோகம், அம்மா உன் அட்டையில இருக்காங்களேன்னு மாமனாரைப் போட்டுட்டேங்க்கா, அவருக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கே" என்றான். தப்பு சொல்ல முடியுமா? அந்த மனுஷனும் நல்லவர், போகும்போதெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுப்பவர். இப்போது அவரை இறக்கிவிட்டு அம்மாவை ஏற்று என்று எந்த வாயால் சொல்வது? யாராவது ஒருத்தர் ஏறினால் யாராவது ஒருத்தர் இறங்க வேண்டியிருக்கிறது. ஆக அம்மா இருக்கிற வரைக்கும் கல்யாணம் இல்லை. கல்யாணம் ஆக வேண்டும் என்றால்... இந்த இடத்தில் அவளுடைய புத்தி எப்போதும் சட்டென்று நின்றுவிடும். காஸ் அடுப்பை அணைத்தேனா? மாடியில் துணி காய்கிறதே, மேகமூட்டமாக இருக்கிறதே. அந்த வாக்கியத்தை மட்டும் அவள் ஒருநாளும் முடித்ததில்லை.

அந்த மேசைக்காரர்தான் நல்லதம்பி. போலீஸ்காரப் பையனுக்கு அம்மா வரமாட்டாங்க என்று சொன்ன அதே வாய்தான் இப்போது, கொஞ்ச காலமாக, "அரசி, நாம எப்ப?" என்று கேட்கிறது. அவளைவிட இரண்டு வயசு சின்னவர். பேரிலேயே தம்பி இருக்கு, நான் எப்படி உங்களைக் கட்டிக்கிறது என்று ஒருநாள் கிண்டல் பண்ணினாள், அதற்கு அந்த மனுஷன் முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். சிரித்துவிட்டு உடனே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். குடலிறக்கம். ரொம்ப நாளாக இருக்கிறது, இருமினால், சிரித்தால், படியேறினால் ஒரு கை தானாக அங்கே போய்விடும். ஏன் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளவில்லை என்றால், அது அடுத்த வயிற்றெரிச்சல். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் யார் வருவார், யார் வரமாட்டார் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த மனுஷன் எதிலும் வரமாட்டார். ஆஸ்பத்திரி ஆள் கிடையாது, ஒப்பந்தக்காரர் ஆள். அந்த ஒப்பந்தக்காரரும் வருஷத்துக்கு ஒருத்தர் மாறுகிறார். அரசுக் காப்பீட்டுப் பக்கம் போனால் உனக்கு வருமானம் ஜாஸ்தி, ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் நீ எங்க ஆளே இல்லை. "உங்க அட்டையில ஏறித்தான் நான் ஆபரேஷன் டேபிள்ல ஏறணும்" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் என்ன சொல்வாள்? அப்புறம் பார்க்கலாம் என்பாள். எப்போது கேட்டாலும் அதுதான். எதற்கப்புறம் என்று அவரும் கேட்டதில்லை, கேட்கிற ஆள் இல்லை, அவருக்குத் தெரியாதா என்ன, அந்தச் சட்டத்தைத் தினம் படிக்கிறவர். அங்கே அவளுடைய ஆபீசில் ஆவணி பிறந்ததும் கூட்டம் தாங்கவில்லை. கோயிலில் தாலி கட்டின கையோடு பதிவு பண்ண வந்துவிடுகிறார்கள், மாலையைக் கழற்றாமல், சம்பங்கியும் வியர்வையுமாக ஒரு வாசனை, அவள் மேசை முழுக்க உதிர்ந்த ரோஜா இதழ். சாட்சி எங்க, போட்டோ எங்க, வயசுச் சான்று எங்க என்று வள்ளென்று விழுவாள். சார்பதிவாளர் ஐயா ஒருநாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஊர்க் கல்யாணத்தையெல்லாம் பதியுற, உனக்கு எப்பம்மா?" என்றார். ஐயாவுக்கு மதிய நேரத்தில் கேட்பதற்கு வேறு விஷயம் கிடைக்கவில்லை.

இளநீர், விரதம் என்று அரசி முணுமுணுத்தது காதில் விழுந்திருக்க வேண்டும், பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் மெல்ல அவள் தோளைத் தொட்டாள். லாரியில் க்ளீனராக இருந்தவருடைய சம்சாரம், அவரும் உள்ளேதான் படுத்திருக்கிறார், ஒரு மகாராசன் கட்டின நன்கொடையில் இந்த மாசம் மட்டும் ஓடுகிறது. "திட்டாதீங்க பாப்பா உங்கம்மாவை. பெத்தவ மனசு" என்றாள். அரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்தவ மனசு, பெத்தவ மனசு என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், பிறந்தவளுக்கு மனசே கிடையாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது. "உங்களுக்கு இன்னும் அட்டை வரலையாக்கா?" என்று கேட்டாள். "எங்க வரும்? ரேசன் கார்டுல அவங்க அண்ணனோட ஒண்ணா இருக்கோம். அண்ணன் கடை வெச்சிருக்காரு, நல்லா இருக்காரு, அதனால எங்களுக்கு வருமானம் இருக்குதாம். சேந்து ஒத்துமையா இருந்தது தப்பாப் போச்சு பாப்பா" என்று அந்த அம்மாள் யார் மேலும் கோபமில்லாமல் சொன்னாள். அந்தக் கோபமில்லாததுதான் அரசிக்குப் பொறுக்கவில்லை. கத்துங்கள், மேசையைத் தட்டுங்கள், யாரையாவது நாலு கேள்வி கேளுங்கள். ஆனால் யாரை? மேசைக்கு அந்தப் பக்கம் நல்லதம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாள் மடியில் இருந்த பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். பிறகு தானாகவே பேச்சை வேறு பக்கம் திருப்பி, "உங்கம்மா எவ்வளவு விவரமானவங்க. எங்க வீட்டுக்காரரு இளநீர் வேணும்னு அடம் பிடிச்சப்ப, அவங்கதான் கட்டில்லேருந்தே சத்தம் போட்டாங்க. கிட்னிக்காரங்களுக்கு இளநீர் விசம்யா, ஒரு காய் போதும் நெஞ்சு நின்னுரும்னு. அவங்க போயி மறந்துட்டாங்களே" என்றாள்.

பிஸ்கட் வாயில் மாவாக நின்றது. மறந்துவிட்டாள். ஆமாம், வயசாகிவிட்டது, மறதி. சாமி காரியத்துக்குக் குடித்தால் ஒன்றும் பண்ணாது என்று நினைத்திருப்பாள். அம்மாவா? பால்காரன் எப்போதோ ஒரு நாள் தண்ணி ஊற்றியதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிற அம்மாவா? அரசி மூன்றாம் வகுப்பில் எந்தப் பெண்ணோடு சண்டை போட்டாள், அவள் என்ன நிறத்தில் ரிப்பன் கட்டியிருந்தாள் என்று சொல்கிற அம்மாவா மறப்பாள்? சரி, பக்தி. விரதம் என்றால் சௌந்தரம்மாளுக்குப் பைத்தியம்தான், ஆடிச் செவ்வாய் ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் முன்னெல்லாம் ஆடிச் செவ்வாய்க்குப் பாலும் அவலும்தானே சாப்பிடுவாள், இளநீர் எங்கே வந்தது? ஆடிதான் முடிந்துவிட்டதே, ஆவணி பிறந்துவிட்டதே, விரதம் ஏன் முடியவில்லை? அப்புறம் செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸ் புதன்கிழமையும் சனிக்கிழமையும். செவ்வாய் என்றால் உடம்பில் எல்லாம் சேர்ந்து நிரம்பி இருக்கிற நாள், தண்ணியைக்கூடக் குறைத்துக்கொள்ளச் சொல்கிற நாள். அம்மனுக்கு உகந்த நாள் அதுதானே, அதனால்தான் செவ்வாய். அதனால்தான். வேறு என்ன இருக்கப் போகிறது? மாடியில் துணி காய்கிறது. காஸ் அடுப்பை அணைத்தோமா. மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் லேசாக வளைந்து டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது, அதை ஏன் ஒருத்தரும் சரி பண்ணமாட்டேன் என்கிறார்கள், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு ஆள் ஏணி போட்டு ஏறினால் முடிந்தது. அரசி கையில் மிச்சமிருந்த பிஸ்கட்டைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நல்லதம்பி ஒரு கையில் டீயும் ஒரு கை வயிற்றிலுமாகப் படியேறி வந்தார். லூர்து சிஸ்டர் போட்ட சத்தம் கீழே வரை போயிருக்கும். "குடிங்க முதல்ல. பொட்டாசியம் இறங்கிட்டிருக்குதாம், பயமில்லைன்னு சிஸ்டர் சொன்னாங்க" என்றார். அவள் டீயை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தாள். "எனக்குக் கல்யாணம் ஆகணும்னு விரதமாம்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லை." "ஒண்ணுமில்லைன்னா மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? சொல்லித் தொலைங்க." அவர் பக்கத்து அம்மாளை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆடி பொறக்கறதுக்கு முந்தி ஒரு சனிக்கிழமை, நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அம்மா தள்ளுநாற்காலியில கீழ வந்தாங்க. தம்பி, ஒரு சந்தேகம், எம்பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா நான் இந்த அட்டையில வருவேனான்னு கேட்டாங்க." அரசி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். "நீங்க என்ன சொன்னீங்க?" "வழக்கமா எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொன்னேன். வாயில வந்துடுச்சு. வரமாட்டீங்கம்மான்னு." "அதுக்கு?" "சிரிச்சாங்க. அதானா அவளுக்குப் பல்லு பிடிக்காமப் போச்சுன்னாங்க. எனக்கு அர்த்தம் புரியலை. இப்ப நீங்க விரதம்னதும் என்னவோ மாதிரி இருக்கு. மன்னிச்சிடுங்க."

பாவி. பாவி மனுஷா. இல்லை, இவர் என்ன பண்ணுவார். பாவி அம்மா. எவ்வளவு கெட்டிக்காரி. சாமி பேரைச் சொல்லி, மாசத்தைச் சொல்லி, ஆடியில் ஆரம்பித்தால் எவளும் சந்தேகப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டு, சிரித்த முகத்தோடு, தெருவில் போகிறவனிடம் இளசான காயாகப் பார்த்து வெட்டச் சொல்லி. கல்யாணம் ஆகணும்னுதான்டி என்று சொன்னது பொய்யே இல்லை, அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இவள் இத்தனை காலமும் முடிக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருந்த வாக்கியத்தை அம்மா எடுத்து முடிக்கப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு செவ்வாயும் கொஞ்சம் கொஞ்சமாக. அரசி எழுந்தாள். கால் பட்டு டீ கவிழ்ந்தது, நல்லதம்பி குனிய முடியாமல் குனிந்து டம்ளரை எடுத்தார். அழ நேரமில்லை. உள்ளே போய் என்ன சொல்வது? தெரியும் என்று சொன்னால் வேறு வழி தேடுவாள், இளநீர் இல்லையென்றால் இன்னொன்று, கெட்டிக்காரிக்கா வழியில்லை? கல்யாணமே வேண்டாம் என்று காலில் விழுந்தால் இன்னும் வேகமாகப் பண்ணுவாள். இந்த உலகத்தில் எந்தத் தாயிடமாவது நீ உயிரோடு இரு என்று இப்படி யோசித்து யோசித்துக் கேட்க வேண்டியிருக்குமா? மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். "இப்ப வரக்கூடாதுங்க" என்று லூர்து சிஸ்டர் கையை நீட்டினார். "ரெண்டே வார்த்தை சிஸ்டர், சொல்லலேன்னா எனக்கும் ஒரு கட்டில் போடணும்" என்றாள். சிஸ்டர் என்ன நினைத்தாரோ, வழிவிட்டார்.

அம்மாவுடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள் அரசி.

அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தாளா என்று அவளுக்கே தெரியாது. வாய் திறந்தது, அது வந்தது, அவ்வளவுதான்.

"என்னடி சொல்றே?"

"ஆயிடுச்சு. ஆனி மாசத்துலயே. நீ விரதம் ஆரம்பிக்கறதுக்கு முந்தியே. வெக்காளியம்மன் கோயில்ல வெச்சுத் தாலி கட்டியாச்சு. நீ இதுவரைக்கும் குடிச்ச இளநீரெல்லாம் தண்டம்."

அம்மா அவள் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் எப்போதும் போடுகிற மெல்லிய செயின்தான் இருந்தது.

"ஆபீசுக்குத் தெரிஞ்சா உன் அட்டை போயிடும். அதனால கழட்டி பீரோவுல வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது. பதிவும் பண்ணலை. ஆனியிலேருந்து ஆவணி வரைக்கும் உனக்கு மெஷின் ஓடிக்கிட்டுதானே இருக்கு? இப்ப ஓடுதா இல்லையா? பாத்துக்கோ."

அம்மா மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை யாரு?"

"கீழ மேசையில உக்காந்திருக்காரே, அவர்தான்."

"அந்தத் தம்பியா? வயித்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்குமே."

"ஆமா. உனக்கு வேற எப்படி வேணும், ராஜா வீட்டுப் பிள்ளையா?"

அம்மா மறுபடி விட்டத்தைப் பார்த்தாள். உதடு மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் கோத்துக் காதுப் பக்கமாக இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. அரசி முந்தானையால் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

"அப்ப நான் இருந்தாலும் பரவாயில்லையா?" என்று அம்மா கேட்டாள்.

அரசி முந்தானையை உதறிவிட்டாள். அடித்துவிடலாம் போல ஒரு கோபம். "ஏம்மா, பரவாயில்லாமத்தான் உன்கூட உக்காந்து சக்கையைத் தின்னுட்டிருக்கேனா? இன்னொரு இளநீர் குடிச்சேன்னு தெரிஞ்சுது, நானே உன் கழுத்தை நெரிச்சுடுவேன்" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த க்ளீனர் பதறித் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அம்மா மெல்லச் சிரித்தாள். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தப் பழைய பார்வை, பால்காரனைப் பார்க்கிற பார்வை, அதால் மகளை ஒரு தடவை மேலும் கீழும் அளந்தாள்.

"சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அந்தத் தாலியை எடுத்துக் காட்டு. நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

அரசி வெளியே வந்தாள். நல்லதம்பி கவிழ்ந்த டீயின் மேல் பழைய பேப்பரைப் போட்டுக் காலால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அம்மாள் பிஸ்கட் பையை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பர்மிஷன் போட்டுட்டுக் கிளம்புங்க. சாயந்திரத்துக்குள்ள ஒரு தாலி வேணும்" என்றாள் அரசி.

அவர் ஈரப் பேப்பரைக் காலால் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அட்டை என்ன ஆகும் என்றாவது கேட்பார் என்று நினைத்தாள், தினம் அதையே சொல்கிற மனுஷன். கேட்கவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"செயினா, மஞ்சக் கயிறா?" என்றார்.

"கயிறு போதும். தினம் கழட்டி மாட்ட அதுதான் லேசு."